நான் கால், அண்ணன் கை

கம்ப்யூட்டர் இருக்கிற அறைக்குள் நுழையச் செருப்பைக் கழற்றி வைத்தவர்கள் நாம்தான். உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். கோயில் வாசல் மாதிரி வெளியே செருப்புகள் கிடக்கும். உள்ளே மானிட்டருக்குப் பூப்போட்ட பிளாஸ்டிக் உறை. அதன் மேல் சந்தனமும் குங்குமமும். கீபோர்டுக்குத் தனி உறை. தொடுவதற்கு முன்னால் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குப் பிள்ளைகள் சோற்றுக் கையோடு போனைத் தேய்க்கிறார்கள். இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார்கள்.

எனக்கு இன்னும் முப்பது முடியவில்லை. ஆனால் நான் வேலை செய்யும் ஒயரிங் கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்கள் என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முகம் அப்படி ஆகிவிட்டது போல. போன மாதம் என் அண்ணன் இறந்துபோனான். அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஏழாவதோடு படிப்பை விட்டவள் நான். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் நம் வயதுக்காரர்களுக்கு மட்டும் ஒரு ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த விளையாட்டை ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் நான் சொல்வது புரியும்.

அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே கல் குவாரி விபத்தில் போய்விட்டார். வேப்பனப்பள்ளிப் பக்கம் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு ஓசூருக்கு வந்தாள். அங்கே அவளுடைய தம்பி, எங்கள் மாமா, தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஷெட் வைத்திருந்தார். அம்மா ரோஜாத் தோட்டத்தில் பூவைக் கட்டு கட்டி அட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனாள். அவள் விரல் நுனியெல்லாம் முள் குத்திக் கறுப்புப் புள்ளியாக இருக்கும். எங்கள் தலையை அவள் தடவினால் முடி அந்த விரல்களில் மாட்டும்.

மாமாவின் ஷெட்டில் நான்கு பிரஸ் மிஷின்கள் இருந்தன. பஸ் சீட்டுக்கு அடியில் வருகிற இரும்புப் பட்டையை வளைத்து ஓட்டை போட்டுக் கொடுக்கும் வேலை. ஷெட்டின் மூலையில் கண்ணாடி போட்ட சின்ன அறை. மாமா பில் போடுவதற்காக பெங்களூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அங்கே வைத்தார். அதை மாட்டிக் கொடுக்க வந்த கம்ப்யூட்டர்காரர், போகும்போது அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்து, "தம்பி, ஒரு சாமான் உள்ள போட்டுருக்கேன். மாமா இல்லாதப்ப தொறந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதுதான் அந்தச் சுடுகிற விளையாட்டு.

அதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் வீடியோ கேம் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு குட்டி ஆள் திரையில் குதித்துக் குதித்துப் போவான். நாம் அவனை வெளியே இருந்து பார்ப்போம். இது அப்படி இல்லை. இதில் ஆளே கிடையாது. திரையின் அடியில் துப்பாக்கியைப் பிடித்த ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே நீலக்கல் சுவர் வைத்த நீளமான வழி. அம்புக்குறியை அமுக்கினால் சுவர்கள் நம்மை நோக்கி ஓடிவரும். முதல் தடவை பார்த்தபோது எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. வழி இடது பக்கம் திரும்பினால் நானும் நாற்காலியில் இடது பக்கம் சாய்ந்தேன். முகமூடி போட்ட ஒருவன் திடீரென்று முன்னால் வந்தபோது அம்மா என்று கத்தி, கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டேன். அண்ணன் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தான்.

"ஏன்டி, அவன் உன்ன எங்க சுட்டான்? டப்பாக்குள்ள இல்ல இருக்கறான்."

"இல்லடா. என்னையத்தான் பாத்தான்."

எனக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. அவனுக்குப் பதினேழு.

ஷெட்டில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் மிஷின்கள் நிற்கும். மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார். பில் எழுத மாமாவுக்கு உதவியாக அண்ணன் அங்கேயே இருப்பான்; எனக்கு ஸ்கூல் லீவு, வீட்டிலிருந்து தூக்குப்போசியில் சோறு கொண்டு வருவேன். நான்கு வாயில் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் ஓடுவோம். ஒரே நாற்காலி. அதில் ஆளுக்குப் பாதி உட்காருவோம். கீபோர்டும் ஒன்று. தனித்தனியாக ஆடினால் ஒருவருக்கு நேரம் போதாது என்பதால் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். வலது பக்கம் உட்கார்ந்து நான் அம்புக்குறிகளை அமுக்கி நடப்பேன், ஓடுவேன், திரும்புவேன். இடது பக்கம் உட்கார்ந்து அவன் வலது கைக் கட்டைவிரலால் சுடுவான். நடுவிரலால் கதவைத் திறப்பான். நான் கால். அவன் கை. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள்.

முதலில் கத்திக்கொண்டேதான் ஆடினோம்.

"நில்லு. நில்லுடீ. செவத்துல ஒட்டிக்க."

"நீ சுடுடா மொதல்ல!"

"எரும, நீ அவனுக்கு முதுகக் காட்டுனா நான் எதச் சுடறது, உன் மூக்கையா?"

செத்தால் திரை மேலிருந்து கீழே சிவப்பாக ஒழுகும். ஒரு பட்டனை அமுக்கினால் மறுபடியும் அதே வாசல், அதே நீலச் சுவர். ஒரு வாரம் போனதும் கத்துவது குறைந்தது. ஒரு மாதம் போனதும் பேச்சே இல்லை. அவன் மூச்சை இழுத்தால் நான் நிற்பேன். அவன் தோள் லேசாக என் மேல் பட்டால் திரும்புவேன். நான் திரும்புவதற்குள் அவன் சுட்டிருப்பான். எப்படி என்று கேட்டால் எங்களுக்கே தெரியாது.

அதில் அப்படி என்ன இருந்தது என்று அம்மா கேட்டிருக்கிறாள். அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன். யோசிக்க நேரம் கிடையாது. அதுதான் அதிலிருந்த சுகம். வீட்டில் எல்லாவற்றுக்கும் காத்துக்கிடக்க வேண்டும். தண்ணீர் லாரிக்கு, ரேஷனுக்கு, அம்மா வரும் பஸ்ஸுக்கு. அண்ணன் பத்தாவது பாஸ் செய்துவிட்டு இரண்டு வருடமாக வேலைக்குக் காத்துக்கிடந்தான். அந்த நீலச் சுவருக்குள் போனால் காத்திருப்பது என்பதே கிடையாது. கதவு திறக்கும், அடுத்த நொடி ஏதாவது நடக்கும். அப்பா இல்லாதது, ஸ்கூல் ஃபீஸ், கிழிந்த பாவாடை எதுவும் அங்கே வராது. நெஞ்சு படபடவென்று அடிக்கும், வாயில் இரும்பு ருசி வரும். அதை விட்டு வெளியே வந்தால் ஷெட்டும் எண்ணெய் நாற்றமும் ஏதோ தூங்குகிற மாதிரி இருக்கும். என் கண் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். தெருவில் நடக்கும்போது சந்துமுனை வந்தால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் எங்களால் தாண்ட முடியவில்லை. பச்சைக் கதவு ஒன்று இருந்தது. அதைத் திறந்தால் பெரிய கூடம். நான்கு பக்கமும் ஆட்கள். எத்தனை தடவை போனாலும் அங்கே செத்தோம்.

ஒருநாள் மாமா சீக்கிரம் திரும்பி வந்துவிட்டார். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அடி விழும் என்று எழுந்து நின்றோம். அவர் திட்டவில்லை.

"மாப்ள, இது என்னடா, நாலு கை வெச்சிக்கினு ஒரு ஆளு மாதிரி ஆடறீங்க? மறுபடியும் ஆடு, பாக்கறேன்."

அதிலிருந்து எங்களுக்குப் பயம் போய்விட்டது. பெங்களூரிலிருந்து பார்ட்டிகள் வந்தால் டீ வரும்வரை மாமா எங்களைக் கூப்பிட்டு ஆடிக் காட்டச் சொல்வார். "எங்க அக்கா பசங்க சார்" என்பார். அம்மா கேட்டால், "விரலுக்கு நல்லதுக்கா. அவன் பெரிய கம்பெனிப் பரீட்சைக்குப் போவப் போறான் இல்ல" என்று சொல்லிவிடுவார்.

மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய கம்பெனியை அப்படித்தான் சொல்வோம். அங்கே பத்தாவது முடித்த பையன்களை அப்ரென்டிஸாக எடுப்பார்கள். மூன்று வருடம் கற்றுக்கொடுத்து அங்கேயே வேலையும் கொடுப்பார்கள். நீலச் சட்டை, கம்பெனி பஸ், கேண்டீன் சாப்பாடு. வேப்பனப்பள்ளியிலிருந்து வந்த எங்களைப் போன்ற ஆட்களுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. எழுத்துப் பரீட்சை முடிந்ததும் விரல் பரீட்சை ஒன்று உண்டு. வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட பலகை. மணி அடிப்பதற்குள் அத்தனை ஓட்டைகளிலும் ஊசி ஊசியாக நிறுத்த வேண்டும்.

அண்ணன் அந்தப் பரீட்சையிலிருந்து வந்த அன்றைக்கு அம்மா ரசம் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டேன்மா. அங்க இருந்த சார் வந்து என் கையப் புடிச்சிப் பாக்கறார். எங்கடா பழகுனன்னு கேட்டார்."

"நீ என்னா சொன்ன?"

"எங்கம்மா பூ வேல செய்றாங்க சார், கூட நானும் கட்டுவேன்னு சொல்லிட்டேன்."

"அடப்பாவி. ஒரு நாளு ஒரு பூவத் தொட்டிருப்பியாடா நீ?"

அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் நான் கடைசியாக முழுசாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அதன் பிறகு சிரித்திருப்பாள். ஆனால் அப்படி இல்லை.

வேலைக் கடிதம் ஆனி மாதக் கடைசியில் வந்தது. சேருவதற்கு இரண்டு தேதிகள் கொடுத்திருந்தார்கள். இரண்டு பிரிவாக எடுக்கிறார்களாம், எதில் வேண்டுமானாலும் சேரலாமாம். முதல் நாள் ஆடியில் வந்தது. இரண்டாவது ஆவணியில். அண்ணன் உடனே போக வேண்டும் என்றான்.

"ஆடியிலயா? எவனாச்சும் ஆடியில புது வேலைக்குப் போவானா? ஒரு மாசந்தான. ஆவணி பொறக்கட்டும்" என்றாள் அம்மா.

"கம்பெனிக்கு ஆடி ஏதும்மா?"

"கம்பெனிக்கு இல்ல. நமக்கு இருக்குது. உங்கப்பன் அந்தக் குவாரிக்கு ஆடியிலதான் போனாரு."

மாமாவும் ஆவணிதான் சரி என்றார். அம்மா கடிதத்தை மடித்து அவன் சர்டிபிகேட் இருந்த மஞ்சப்பையில் வைத்தாள். டெய்லரிடம் சட்டைக்குக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கவலைதான். ஆவணி வரைக்கும் அவன் கை கால் நன்றாக இருக்க வேண்டும். சேருகிற அன்றைக்கு டாக்டர் பார்ப்பாராம். அவன் சைக்கிள் ஓட்டினால் கூட அம்மா திட்டினாள். கொய்யாப்பழம் நறுக்கக் கத்தியை எடுத்தால் பிடுங்கிக்கொண்டாள்.

அந்த ஆடியில் ஓசூரில் காற்று நிற்கவே இல்லை. மேற்கிலிருந்து குளிர்காற்றும் பூந்தூறலும். ஷெட்டின் தகரம் இரவு பகலாகக் கடகடத்தது. ஆடிப்பெருக்கு வந்ததும் ஷெட்டிலிருந்த ஆட்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். தெற்கே இருந்து வந்தவர்கள் குலதெய்வத்துக்கு, பக்கத்து ஊர்க்காரர்கள் ஆற்றுக்குக் குளிக்க. போனவர்கள் சீக்கிரம் திரும்பவில்லை. மாமாவுக்கு அவசர ஆர்டர் ஒன்று இருந்தது. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மா முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, பத்து நாளு. மாப்ளய என் கூட அனுப்பு. பெரிய பிரஸ் சும்மா நிக்குது."

"வேணாம்டா தம்பி. அவன் கையில ஒரு கீறல் படக் கூடாது."

"நானே பக்கத்துல நிக்கறேன். பெடலுக்கு வேற எவனையும் போட மாட்டேன். பாப்பாவையே போடறேன். இதுங்க ரெண்டும் அந்தக் கம்ப்யூட்டர்ல ஆடறத நீ பாத்ததில்ல. ஒரே ஒடம்புக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். "கூடப் பொறந்தவ மிதிச்சா பயமில்ல" என்றாள்.

அதைச் சொன்னதற்காக நான் அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பெருமையாகக்கூட இருந்தது. ஏழாவது முடித்து எட்டாவதுக்குப் போய்க்கொண்டிருந்த நான் அந்தப் பத்து நாளுக்கு லீவு போட்டேன். பிறகு ஸ்கூலுக்குத் திரும்பிப் போகவே இல்லை.

பெரிய பிரஸ்ஸில் போகிற பட்டை ஒரு ஆள் கை நீளம் இருக்கும். அதை இரண்டு கையாலும் பிடித்து அச்சுக்கு நடுவில் வைத்து, அடி விழுந்ததும் திருப்பி, மறுபடியும் வைக்க வேண்டும். வைக்கிறவனுக்குப் பெடலை மிதிக்க வசதி இருக்காது. அதனால் மிதிக்க இன்னொரு ஆள் பக்கத்தில் முக்காலியில் உட்காருவார். வைக்கிறவன் கையை வெளியே எடுத்துவிட்டு "விடு" என்று சத்தம் கொடுக்க வேண்டும். சத்தம் வந்தால்தான் மிதிக்கலாம். எங்கள் ஷெட்டில் தமிழ் ஆட்கள் "விடு" என்பார்கள். அத்திப்பள்ளியிலிருந்து வருகிற கன்னடக்காரர்கள் "பிடு" என்பார்கள். தெலுங்கு அக்கா ஒருத்தி இருந்தாள், அவள் "ஒதுலு" என்பாள். நாள் முழுக்க விடு, பிடு, ஒதுலு, டம், டம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

எனக்குப் பெடல் கற்றுக்கொடுத்தது அந்தத் தெலுங்கு அக்காதான். இருபது வருடம் பிரஸ்ஸில் இருந்தவள். பத்து விரலும் இருந்தது. அதை எல்லோருக்கும் காட்டுவாள்.

"கண்ணால பாக்காதம்மா. கண்ணு பொய் சொல்லும். காதால கேளு. சத்தம் வந்தா காலு. சத்தம் இல்லியா, காலு இல்ல. அவ்ளோதான் வேலை."

முதல் இரண்டு நாள் அப்படித்தான் செய்தோம். அவன் "விடு" என்பான், நான் மிதிப்பேன். மூன்றாவது நாள் எங்களுக்கே சிரிப்பு வந்தது. அவன் சொல்வதற்கு முன்னால் என் கால் தெரிந்துகொண்டது. அவன் பட்டையை வைக்கிறான், தோள் பின்னால் போகிறது, டம். வைக்கிறான், தோள், டம். சத்தம் குறுக்கே வந்து தாளத்தைக் கெடுக்கிற மாதிரி இருந்தது. அவனே விட்டுவிட்டான். நானும் கேட்கவில்லை. ஷெட்டே திரும்பிப் பார்க்கிற வேகம் வந்தது. கன்னடக்கார அண்ணன் ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு விசிலடித்தார்.

தெலுங்கு அக்கா மட்டும் ஓடிவந்து என் தலையில் குட்டினாள்.

"சத்தம் ஏது? எங்க சத்தம்?"

"எங்களுக்கு வேணாக்கா" என்றான் அண்ணன்.

"வேணாவா? இந்த மிஷினுக்கு நீ யாருன்னு தெரியுமாடா?"

அவள் மாமாவிடம் போய்ச் சொன்னாள். மாமா அடுக்கி வைத்திருந்த பட்டைகளைப் பார்த்துக்கொண்டே, "உட்டுடுக்கா. அதுங்களுக்குச் சத்தம் தேவையில்ல. நீ அதுங்க ஆடறதப் பாத்ததில்ல" என்றார். அவள் ஏதோ தெலுங்கில் முனகிக்கொண்டு போனாள்.

அந்த வேகத்தில் எனக்கு என்ன நடந்தது என்று இப்போது சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, மிதித்து மிதித்துக் கால் தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்ததும், அந்த நீலச் சுவர் வந்தது. கண் திறந்துதான் இருந்தது. அண்ணனின் முதுகு எனக்கு முன்னால்தான் இருந்தது. ஆனால் நான் அந்த வழியில் ஓடிக்கொண்டிருந்தேன். அடுத்த திருப்பத்தில் யார் நிற்பான், பச்சைக் கதவுக்குள் இடது பக்கமாகப் போனால் என்ன என்று. மனம் அங்கே, கால் இங்கே. கஷ்டமே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

எட்டாவது நாள் மத்தியானம். மழை விட்டிருந்தது. சாப்பாட்டு மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான். ஒரு பட்டை அச்சில் மாட்டிக்கொண்டது. மாட்டினால் இடுக்கியால் எடுக்க வேண்டும். அண்ணன் வலது கையை உள்ளே விட்டான். நான் மிதித்தேன்.

அவ்வளவுதான். வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. அவன் தோள் பின்னால் வரவில்லை. அதைப் பார்க்க நான் அங்கே இல்லை.

அவன் கத்தவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தான். என் கால் இன்னும் பெடல் மேல் இருந்தது. அவன் முதலில் சொன்ன வார்த்தை, "கால எடு" என்பதுதான். மெதுவாகச் சொன்னான். அதற்குப் பிறகுதான் தெலுங்கு அக்கா ஓடிவந்து மெயினை அணைத்தாள், மாமா தன் வேட்டியைக் கிழித்தார், யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

கட்டைவிரலும் மற்ற நான்கும் போய்விட்டன. உள்ளங்கை பாதி மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் அம்மா வந்து சுவரில் முட்டிக்கொண்டாள். என்னை இழுத்து, "எப்படிடீ? சத்தம் குடுத்தானா இல்லியா? சொல்லு, குடுத்தானா?" என்று உலுக்கினாள். கட்டிலிலிருந்து அண்ணன் பேசினான்.

"குடுத்தேம்மா. விடுன்னு சொல்லிட்டு நாந்தான் மறுபடியும் கைய உட்டேன். அவ என்னா பண்ணுவா?"

மாமா அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். விசாரிக்க வந்த அதிகாரியிடம் அதையே சொன்னார். அதிகாரி என்னைக் கேட்டபோது நான் தலையாட்டினேன். தெலுங்கு அக்கா அங்கே நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆவணியில் அந்த நாள் வந்தது. அம்மா மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பெரிய கம்பெனி வாசலுக்குப் போனாள். புண் ஆறியதும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டாளாம். வாட்ச்மேன் நல்ல மனிதர். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அவள் திரும்பி வந்ததும் தைத்து வைத்திருந்த சட்டையை அண்ணனுக்குப் போட்டுவிட்டாள். ஒற்றைக் கையால் பொத்தானை அவனால் போட முடியவில்லை, அவளே போட்டாள். அவன் சாயங்காலம் வரை அந்தச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான்.

மாமாவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பெரியவர்கள் அப்படித்தான், மனம் கனத்துவிட்டால் எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் அந்தக் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"மாப்ள, நீங்களே வெச்சிக்குங்க. எப்ப வேணா ஆடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

அண்ணன் சிரித்தான். "சரி மாமா" என்றான்.

இரண்டு நாள் உறையைக்கூட நாங்கள் எடுக்கவில்லை. மூன்றாவது நாள் மத்தியானம் அவன்தான், "ஆடுடி. நான் பாக்கறேன்" என்றான். நான் மாட்டேன் என்றேன். "ஆடு. எனக்குப் போர் அடிக்குது" என்றான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்தான்.

முதலில் என் இடது கை சுடுவதற்குத் தடுமாறியது. அவன் பின்னாலிருந்து சொல்லிக்கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் பழகிவிட்டது. இரண்டு கையும் என்னுடையது. யாருடைய மூச்சையும் பார்க்க வேண்டியதில்லை. நான் நினைத்த உடனே திரும்பலாம், நினைத்த உடனே சுடலாம். இவ்வளவு வேகமாக நான் அதில் ஓடியதே இல்லை. பச்சைக் கதவு வந்தது.

"எடது பக்கம் பாரு, ஒருத்தன் நிக்கறான்" என்றான் அவன்.

"சும்மா இருடா. எனக்குத் தெரியும்."

இடது பக்கம், வலது பக்கம், தூணுக்குப் பின்னால். ஒவ்வொருவனாக விழுந்தார்கள். நான் சாகவில்லை. கூடத்தின் அந்தப் பக்கக் கதவு திறந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒருநாளும் பார்க்காத இடம், சிவப்புத் தரை, உயரமான கூரை. நான் கைதட்டிச் சிரித்துக்கொண்டே, "பாத்தியாடா!" என்று திரும்பினேன்.

பெட்டி மேல் அவன் இல்லை. எப்போது எழுந்து போனான் என்று தெரியாது. வெளியே போய்ப் பார்த்தேன். தெருக்குழாய் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "முடிச்சிட்டியா?" என்று கேட்டான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

பிறகு நாங்கள் சேர்ந்து எதையும் செய்யவில்லை. சண்டை கிடையாது, பேசாமலும் இல்லை. அவன் கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் கேட்டைத் திறந்து மூடும் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். சீசனில் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவான். யாரும் பெண் கொடுக்கவில்லை. இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டு ரிஜிஸ்டரில் லாரி நம்பர்களை அழகாக எழுதுவான் என்று அவன் கூட இருந்தவர்கள் சொன்னார்கள். காமாலை முற்றிய பிறகுதான் எங்களுக்குச் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியில் நான் மூன்று நாள் பக்கத்தில் இருந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நீ சத்தம் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது, நான் வேறு இடத்தில் இருந்தேன் என்று. அவனுக்கு அது தெரியும். அதனால்தான் சொல்ல முடியவில்லை.

வீட்டில் கிடத்தியிருந்தார்கள். காரியம் செய்கிறவர் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார். பிறகு கைகளை நெஞ்சின் மேல் எடுத்து வைத்துக் கட்டைவிரல்களைக் கட்டத் தேடினார். ஒன்றுதான் இருந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கைக்கு என்னாச்சி?"

மாமாவுக்கு இப்போது வயதாகிவிட்டது, காது சரியாகக் கேட்காது. ஆனால் அது மட்டும் கேட்டது. "சின்ன வயசுல பிரஸ்ல உட்டுக்கிட்டாம்ப்பா. சத்தம் குடுத்துட்டு அவனே கைய உட்டுட்டான். அவசரம். வேற யார் மேலயும் தப்பில்ல" என்றார்.

"ஆமா, இவதான் கூட இருந்தா" என்று அம்மா அழுதுகொண்டே என்னைக் காட்டினாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். காரியம் செய்கிறவர் அந்தத் துணியை அவனுடைய மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சமிருந்த ஒரு கட்டைவிரலோடு சேர்த்து முடிச்சுப் போட்டார்.